பறக்கிற பெண்ணுக்குக் கட்டிய மாடி அறை

கட்டெறும்புக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூன்று பேரும் உடம்பளவில் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டாலும் நீ சொல்லவா போகிறாய். உன் கடிதம் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்து இருக்கலாமா, எனக்கு இன்னும் அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். பெற்ற வீட்டுக்கு வர அனுமதி கேட்டு எழுதும் அளவுக்கு மரியாதை தெரிந்த பெண், பறக்கிற சக்தியையே வேண்டாம் என்று விடுவதற்கு முன்னால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டாக்டரிடம் போய் ஊசி போட்டுக்கொண்டு, எல்லாம் முடிந்த பிறகு போனில் சொன்னாய். உன் அம்மா போனைக் காதில் வைத்தபடி நின்றுவிட்டாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அந்தக் கறையை நான்தான் இன்னமும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதற்குப் பதிலைக் கடைசியில் எழுதுகிறேன், அதற்கு முன் நீ வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய தெருதான் இது. இப்போது நான் நடந்து போனால் கடைக்குள் ஏதோ வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொள்கிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர், உன் உடுப்பைத் தைத்தது நான்தான் என்று வாசலில் உன் படத்தை மாட்டி வியாபாரம் செய்தவர், படத்தைக் கழற்றி அந்த ஆணியில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருக்கிறார். அதோடு விட்டாரா, என்ன கொத்தனாரே, உங்க பொண்ணு இப்ப நம்மள மாதிரி நடந்துதான் போகுதாமே என்று நாலு பேர் நடுவில் கேட்டார். உங்க பேரனை வெள்ளத்துலேருந்து தூக்கிட்டு வந்தப்ப அவ நடந்தாளா பறந்தாளான்னு நீங்க பாத்தீங்களா, குழந்தையத்தானே பாத்தீங்க என்று கேட்டேன். தைக்கப் போய்விட்டார். உனக்குப் பரிந்து பேசினேன் என்று குளிர்ந்துபோகாதே. உன்னைத் திட்டுகிற உரிமை எனக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இந்த வீடே உன் சக்திக்காக வளைந்து கிடந்தது, அது உனக்குத் தெரியுமா. சைரன் கேட்டால் யார் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு சமையலறை ஜன்னலைத் திறக்க வேண்டும், நீ சாப்பாட்டை விட்டுக் கிளம்பிப் போவாய். போன மழைக்குச் சைரன் அடித்தது. நான் எச்சில் கையோடு ஓடிப்போய் ஜன்னலை விரியத் திறந்து வைத்து ஒதுங்கி நின்றேன். சாரல் மொத்தமும் சாப்பாட்டுத் தட்டில். அப்பா, யாரு போறதுக்கு என்று உன் தம்பி கேட்டான். அவனுக்கும் திட்டு விழுந்தது. மாடி அறை மட்டும் என்ன வாழ்ந்தது. உனக்குப் பறக்க வந்த வருஷம் அதைக் கட்டினேன், படிக்கட்டு போட்டால் கூடத்தில் பாதி போய்விடும், பறக்கிற பெண்ணுக்குப் படி எதற்கு என்று நானே சொல்லி நானே சிரித்தேன். கொத்தனார் வீட்டு மாடிக்குப் படி கிடையாதாம் என்று ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. சாரம் பிரித்த பிறகு நான் அந்த அறைக்குள் போனதில்லை. உன் அம்மா ஒருநாளும் போனதில்லை. சுத்தமாக வைத்திருக்கிறாளா என்று பெண்ணின் அறையைக் கீழே இருந்து பார்த்த தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

உங்கள் மீட்புக் குழுத் தலைவர் வந்தார். காலில் செருப்போடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, சக்தி இல்லாதவங்க குழுவுல இல்லீங்க, அதுதான் விதி, உடுப்பையும் அதுல குத்துற வில்லையையும் திருப்பிக் கொடுத்துடுங்க, உங்க பொண்ணு போட்டோவையும் எங்க ஹாலிலேருந்து எடுத்தாச்சு என்றார். விதி நல்ல விதிதான், அப்ப அவ தூக்கிட்டு வந்த ஆளுங்களையெல்லாம் மறுபடி வெள்ளத்துல கொண்டுபோய் விட்டுடுவீங்களா என்று கேட்டேன். அவர் அசரவில்லை. வெளியே ஒரு புதுப் பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார், உன் இடத்துக்கு வந்தவள், அவளும் பறக்கிறவள். மேலே இருக்கும் அறையை இவளுக்கு வாடகைக்குக் கொடுங்க, படி இல்லாத ரூமை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க என்றார். அந்தப் பெண் யாரையும் கேட்காமல் ஜிவ்வென்று மேலே போய் உன் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, நல்லா காத்து வருது அங்கிள் என்றாள். எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்தில், நீயே வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போன இடம்தானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று சரி சொல்லிவிட்டேன்.

உன் அம்மா பாத்திரத்தை மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தாள். அவர்கள் போன பிறகு, குடுக்கறதுன்னா குடுங்க, ஆனா எம்பொண்ணு சாமானை அடுத்தவங்க தொட விடமாட்டேன், நானே போய் எடுக்கிறேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. வேலை நடக்கிற இடத்திலிருந்து நீள ஏணியைக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்தேன், ஒவ்வொரு படிக்கும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறினாள், பின்னால் நானும் ஏறினேன். உள்ளே ஒரு கட்டில், ஒரு மேஜை, நீ உட்காரும் முக்காலி. சுவரோரமாக இரண்டு நாற்காலி, நல்ல கைவைத்த நாற்காலி, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், அதன்மேல் தூசி. யாருக்கு அந்த நாற்காலி. உன் சிநேகிதர்களில் பறக்கிறவர்கள் வேறு யாரும் இல்லை. நீ எங்களைக் கூப்பிடவில்லை என்று சொல்லமாட்டேன். நான் தூக்கிட்டுப் போறேன் வாங்க என்று கூப்பிட்டாய், உன் அம்மா தலை சுற்றும் என்றாள், பெண் அப்பனைத் தூக்கிக்கொண்டு பறந்தால் தெரு சிரிக்கும் என்றேன் நான். அதோடு விட வேண்டியதுதானே, அதற்குப் பிறகும் எதற்கு நாற்காலி வாங்கினாய். வாங்கியதையாவது சொன்னாயா. உன் அம்மா உறையோடு ஒன்றில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் ஜன்னலுக்குப் போய் நின்றேன். கீழே தையல்காரர், அவர் மனைவி, பால்காரர் எல்லோரும் அண்ணாந்து என்னையே பார்த்தார்கள். எல்லாரும் அண்ணாந்தே பாக்குறாங்கப்பா, அதுதான் என்னால முடியல என்று நீ இன்னொரு நாள் போனில் சொன்னபோது, கொழுப்பு என்று போனை வைத்தவன் நான். அங்கே நின்று பார்த்தபோது எனக்கும் அது பிடிக்கவில்லை.

மறுநாள் தலைவர் ஆளை அனுப்பினார். அறை இல்லை, எங்களுக்கே வேண்டியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உங்க பொண்ணாலதான் இனிமே மேல ஏற முடியாதே என்றான் அவன். நான் என்ன தொழில் பார்க்கிறேன் என்று அவனையே யோசிக்கச் சொல்லிவிட்டு, கடப்பாரையை எடுத்துக் கூடத்துக் கூரையில் முதல் அடியை அவன் கண் முன்னால் போட்டேன். படி வர வேறு இடமே இல்லை, உன் பதக்கமும் கேடயமும் வைத்த கண்ணாடி அலமாரியைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் சிமெண்ட் சாக்கில் கட்டிப் படிக்கு அடியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள். வீடு முழுக்கத் தூசி, உன் தம்பி தும்மிக்கொண்டே இருக்கிறான், எல்லாம் உன்னால். படியைத் தணிவாகப் போட்டிருக்கிறேன், அது உன் அம்மா முழங்காலுக்காக, உனக்கென்று நினைத்துக்கொள்ளாதே.

நீ வேலைக்குச் சேர்ந்திருக்கும் பேக்கரியில் அடுப்புப் பக்கம் நிற்கும்போது முழுக்கை போட்டுக்கொள், முன்போல் சூடு பட்டால் உடனே ஆறிவிடும் என்ற நினைப்பு இருக்கக் கூடாது, அதுவும் பறக்கிற சக்தியோடு போயிற்று. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார், சின்ன வயதிலிருந்தே மேலாகப் போனவள், உனக்கு ரோடு கடக்கவே தெரியாது. இதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நல்ல செருப்பு வாங்கு.

இடம் இருக்கிறதா என்று கேட்டாய். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையை உன் அம்மா பிரித்துவிட்டாள், இனி கடைக்காரனும் திரும்ப எடுத்துக்கொள்ளமாட்டான். சாயங்காலமானால் நானும் அவளும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறோம், உன் முக்காலி காலியாகத்தான் கிடக்கிறது. எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், வயிறார உண்டு, நிம்மதியாகத் தூங்கி நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதில் சேர்த்தி. ஒன்றை மட்டும் மறக்காதே, மாடி ஜன்னலுக்கும் சமையலறை ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி போட்டாயிற்று. வாசல் வழியாக வா.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத,
அப்பா