சர்ச் வாசலில் தார்

ஏப்ரல் 11
லாரிக் கதவில் என் பெயரை எழுதி முடித்தார்கள்: ரோலண்ட் பாக்கி, தார்ச்சாலை அமைப்பாளர். "பேரை மறைச்சாலாவது நாலு பேர் கூப்பிடுவாங்க," என்றாள் கேரின். என் மனைவிக்கு விளம்பரம் தெரியாது. செனட்டராக இருந்தபோது அரசாங்க ஆட்களை வைத்து ஏரிக்கரை வீட்டுக்குப் பாதை போட்டு, மாட்டிக்கொண்டு, பதவி இழந்தவன் நான். மின்னசோட்டா மாநிலம் முழுக்க என் பெயர் தெரியும். அந்தப் பாதையில் இன்றுவரை ஒரு விரிசல் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?

ஏப்ரல் 19
கட்சித் தலைவர் கோர்டன் பேசினார். "ஊருக்குள்ள நல்ல பேர் எடுய்யா. சீட்டை நான் பாத்துக்கறேன்." லூத்தரன் சர்ச்சில் கார் நிறுத்துமிடத்துக்குத் தார் போடப்போகிறார்கள். அந்த வேலை கிடைத்தால் ஊர் மன்னித்த மாதிரி. அப்புறம் மறுபடி செனட். எனக்கு வேண்டியது அதுதான்.

ஏப்ரல் 27
வேலை யாருக்கு என்று ஓட்டுப் போடும் சர்ச் குழுவில் ஒன்பது பேர். ஒன்பது வீட்டிலும் காபி குடித்தாயிற்று. ஆறு ஓட்டு உறுதி.

மே 4
இரண்டு ஓட்டு. இரண்டே இரண்டு.
காபி கொடுத்தவர்களையெல்லாம் என் பக்கம் என்று எண்ணியிருக்கிறேன். இந்த ஊரில் பிடிக்காதவனுக்கும் காபி உண்டு, கூடவே கேக்கும் உண்டு. மேஜையில் உட்கார்ந்தவனிடம் முடியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கேயே பிறந்தவன், இது எப்படி மறந்தது எனக்கு?
குழுத் தலைவி ஆர்லிஸ் வாசல்வரை வந்தாள். "ஒம்போது வீட்டுக்கும் போனீங்க தம்பி. தார் போடற எடத்தை ஒரு தடவை எட்டிப் பாத்தீங்களா?"
பத்திக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை.

மே 5
போய்ப் பார்த்தேன். வடக்கு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. வடிகால் வெட்டாமல் எவ்வளவு தார் கொட்டினாலும் அடுத்த குளிரில் பிளந்துவிடும்.

மே 12
குழு இன்னும் யாருக்கும் வேலையைக் கொடுக்கவில்லை. மறுபடி அவர்கள் முன்னால் போய் நின்றேன். வடிகாலைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.
வேலை எனக்கு.
"நீங்களா? மூணே நிமிஷத்துல பேச்சை முடிச்சீங்களா?" என்றாள் கேரின். நம்பவே இல்லை.

ஜூன் 2
வேட்புமனுவுக்கு இன்று மாலை ஐந்து மணியோடு கெடு. வடக்கு மூலையில் சுடச்சுடத் தார் கொட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது கோர்டன் கூப்பிட்டார். "யோவ், செனட் சீட்டு காலியா இருக்கு, உனக்குத்தான். உடனே வந்து மனுவுல கையெழுத்துப் போடு."
"இப்ப முடியாது. தார் ஆறிடும்."
"ஆளுங்க இருக்காங்கல்ல?"
"இருக்காங்க."
"இதுக்குத்தானேய்யா இத்தனை நாள் காத்துக் கெடந்த?"
"ஆமா," என்றேன். ஃபோனை வைத்துவிட்டு ரோலருக்குப் பின்னால் நடந்தேன்.
முடித்து நிமிர்ந்தபோது மணி ஆறு. நல்ல பசி.