தமையனுக்குக் கொண்டுபோன கார்

அண்ணை,

நேற்று மத்தியானம் ஆகன் நகருக்குப் பக்கத்து நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் கோப்பி குடிக்க நிறுத்தினேன். என் காருக்கு அருகில் மிகப் பழைய கார் ஒன்று நின்றது. உரிமையாளர் வயதான ஜெர்மன்காரர். காற்றுப் படட்டும் என்று நான்கு கதவுகளையும் திறந்துவிட்டு நிழலில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்த தோல் இருக்கையும் பெற்றோலும் கலந்த அந்த மணம் வந்ததும் கையில் கோப்பியோடு அப்படியே நின்றுவிட்டேன். பழைய கார்களில் விருப்பமா என்று அவர் கேட்டார். எனக்கு ஒரு நண்பர் இருந்தார், அவருக்குத்தான் விருப்பம் என்றேன். உங்களைப் பற்றி 'இருந்தார்' என்று ஜெர்மன் மொழியில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. காரில் ஏறி வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தேன்.

உங்களை நான் முதலில் சந்தித்ததும் ஒரு காரை முன்னிட்டுத்தான். அப்போது காலையில் பொதிகள் பிரிக்கும் வேலை, பின்னேரங்களில் கொலோனில் உள்ள எங்கள் ஆட்களின் வீடுகளுக்குப் போய்க் காப்புறுதி எடுத்துக் கொடுக்கும் வேலை. போகும் வீட்டில் எல்லாம் தேத்தண்ணீரும் ரோல்ஸும் தருவார்கள்; நான் காட்டும் இடத்தில் கையெழுத்து வைப்பார்கள். எதையும் வாசிக்க மாட்டார்கள். நீங்கள் என்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்திருந்த கராஜுக்கு வரச் சொன்னீர்கள். கதவைத் தூக்கியதும் உள்ளே சாம்பல் நிறத்தில், எஞ்சின் இல்லாமல், சில்லுகள் இல்லாமல், மரக்குற்றிகளின் மேல் அந்த ஆங்கிலேயக் கார் நின்றது. ஒல்லாந்தில் ஒரு கமக்காரரின் கொட்டிலில் கோழிகள் அடைந்துகிடந்த நிலையில் வாங்கினதாம்.

ஓடாத காருக்கு என்ன காப்புறுதி என்று நான் கேட்டேன். ஓடும் நாளைக்கு என்றீர்கள். பிறகு நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெளிநாட்டில நடுவழியில நிண்டுபோனா, காரை அங்கயே விட்டிட்டு வா எண்டு சொல்லுவாங்களோ?"

சொல்லுவார்கள்தான். வழியில் நின்ற காரைத் தூக்கிச் செல்லும் காப்புறுதியை இங்கே ஷுட்ஸ்பிரீஃப் என்பார்கள். சாதாரண ஷுட்ஸ்பிரீஃபில், திருத்தும் செலவு காரின் பெறுமதியை விடக் கூடினால் காரை அங்கேயே உடைக்கக் கொடுத்துவிடுவார்கள். பழைய காருக்குச் சந்தையில் பெறுமதியே இல்லை என்பதால் ஒரு சின்ன உடைவுகூட அதற்கு மரணம்தான். முப்பது வருடம் கடந்த கார்களுக்கென்று தனியான ஒன்று உண்டு. நிபுணர் ஒருவர் பார்த்துப் பெறுமதி எழுதித் தருவார். எந்த நாட்டில் நின்றாலும் கயிறு கட்டி இழுக்காமல், லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். நான் இதை விளங்கப்படுத்தியதும், "அப்ப அதை எடும்" என்றீர்கள். விலை கேட்கவில்லை.

ஏன் அந்தக் கார் என்று நீங்கள் சொன்னது பல மாதம் கழித்து. யாழ்ப்பாணத்தில் உங்கள் தமையனார் அதே வகைக் காரை வாடகைக்கு ஓட்டினவர். குடும்பத்துக்கு அதுதான் சோறு. உங்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நிலை வந்தபோது, அந்தக் காரை விற்று உங்களை ஜெர்மனிக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் இன்னொருவரின் லொறியில் கூலிக்கு ஓடினார். நீங்கள் இதைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. கதவின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

தமையனார் பின்னர் மகனிடம் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். நீங்களும் நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் உடனே போய் இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு வந்தீர்கள். திரும்பி வந்த கிழமைதான் அந்தக் காரைத் தேடத் தொடங்கினீர்களாம். அடுத்த முறை வெறுங்கையோடு போவதில்லை என்று முடிவு. அதன்பிறகு உங்கள் சனிக்கிழமைகள் எல்லாம் கராஜுக்குத்தான். தமையனார் தொலைபேசியில் எப்போது வருகிறாய் என்று கேட்பார். "கார் முடியட்டும் அண்ணை, அதிலதான் வருவன்" என்பீர்கள். நானும் சில சனிக்கிழமைகளில் வந்து ஸ்பனர் எடுத்துத் தந்திருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பாகம் வரும், பொருந்தாது, திருப்பி அனுப்புவீர்கள். வருடங்கள் போயின.

பிறகு தமையனாருக்கு ஈரலில் நோய் என்று செய்தி வந்தது. அந்த மாதங்களில் நீங்கள் வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் கராஜுக்குப் போனீர்கள் என்று அக்கா சொல்லுவா. கார் பரிசோதனையில் தேறி, பழைய கார்களுக்கு உரிய 'எச்' எழுத்தோடு இலக்கத்தகடும் கிடைத்த அன்று என்னை அழைத்தீர்கள். "நீரும் வாரும். வழியில ஏதும் நடந்தா அவங்களோட கதைக்க ஒரு ஆள் வேணும்."

வைகாசி மாதம். வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டோம். பெல்ஜியம் முழுவதும் லொறிகள்கூட எங்களை முந்திக்கொண்டு போயின. சிறுவர்கள் பின்கண்ணாடி வழியாகக் கை காட்டினார்கள். நீங்கள் யாருக்கும் கை காட்டவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினீர்கள்.

பாரிசுக்கு இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம் இருக்கையில் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்தோம். தண்ணீர்ப் பம்பின் அச்சு உடைந்து, காற்றாடி றேடியேட்டரைக் கிழித்திருந்தது. நீங்கள் சூடான உலோகத்தில் கையை வைத்துவிட்டு எடுக்கவே மறந்தீர்கள். நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். பிரான்சின் நெடுஞ்சாலையில் நாங்கள் விரும்பிய ஆளைக் கூப்பிட முடியாது. வீதியோரத் தொலைபேசியில் அழைத்தோம். நெடுஞ்சாலை நிறுவனத்தின் லொறி வந்து எங்களைக் கட்டண வாசலுக்கு வெளியே ஒரு வளவில் கொண்டுபோய் இறக்கியது.

அங்கிருந்து ஜெர்மனிக்கு அழைத்தேன். காப்புறுதி நிறுவனத்தின் உதவி நிலையத்தில் பேசியது ஒரு பெண். மிகவும் பண்பாக, ஒழுங்குகளைச் சொன்னார். எங்களுக்கு வாடகைக் கார் தருவார்கள், பாரிசுக்குப் போகலாம். சாம்பல் கார் அந்த வளவில் நின்று, அடுத்த கிழமை கொலோனுக்கு ஏற்றப்படும். எல்லாம் நான் உங்களுக்கு எடுத்துத் தந்த காப்புறுதியின்படியே, ஒரு குறையும் இல்லாமல்.

நான் தமிழில் சொன்னதும் நீங்கள் மறுத்தீர்கள். "ஏலாது. கார் இல்லாமல் நான் அங்க போகேலாது." பிறகு மெதுவாக, "அடுத்த முறை எண்டு ஒண்டு இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்" என்றீர்கள். அதுவரை அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை.

நான் அந்தப் பெண்ணிடம் முழுவதையும் சொன்னேன். விற்ற கார், தமையனார், வைத்தியர் சொன்னது. மறுமுனையில் தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், திருத்தக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, பழைய கார் என்றால் பழைய கார் தெரிந்த வேலைத்தலமாக இருக்க வேண்டும், அப்படி ஒன்று அந்த அண்ணன் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டார். தமையனாரின் மகனுக்கு, உங்கள் பெறாமகனுக்கு, தொலைபேசி எடுத்தோம். அவர் ஒவ்வொரு இடமாக விசாரித்து, தங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் பழைய கார் திருத்தும் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கண்டுபிடித்தார். விலாசத்தைச் சொன்னதும் அந்தப் பெண் எழுதிக்கொண்டு, லொறி வரும் என்றார். தொலைபேசியை வைப்பதற்கு முன், சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்றும் சொன்னார்.

லொறிச் சாரதி போர்த்துக்கேயர். சில வருடம் ஜெர்மனியில் வேலை செய்தவர், கொஞ்சம் ஜெர்மன் தெரியும். வழியில் ஒரு வீட்டு வாசலில் சில நிமிடம் நிற்க முடியுமா என்று கேட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். நீங்கள் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து, திரும்பித் திரும்பிப் பின்கண்ணாடியால் காரையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

மாடிக் குடியிருப்பின் கீழே பெறாமகன் தந்தையைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வைத்திருந்தார். இடுப்பில் சாரமும் அதன்மேல் குளிர்க்கோட்டும். கண்கள் மஞ்சள். லொறியின் தட்டில் அவரை ஏற்ற முடியாது என்று பார்த்ததுமே சாரதிக்கு விளங்கியது. யாரும் கேட்காமலே தட்டைச் சாய்த்து, காரைக் கம்பியில் மெல்ல மெல்ல வீதிக்கு இறக்கினார். நானும் பெறாமகனும் உங்கள் தமையனாரைத் தூக்கிச் சாரதி இருக்கையில் இருத்தினோம்.

அவர் ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கியர்த் தடியைத் தொட்டார். ஹோர்னை அமத்தினார், அது சத்தம் போட்டது. நீங்கள் திறந்த கதவடியில் வீதியில் முழங்காலிட்டு, நெடுநாள் மனதில் வைத்திருந்ததைச் சொன்னீர்கள்.

"அண்ணை, உங்கட காரைத் திருப்பிக் கொண்டந்திருக்கிறன்."

அவர் உங்களை நிமிர்ந்து பார்த்தார். "இதைத் திருத்த எவ்வளவு காலம் எடுத்தது?"

"நாலு வருசம் அண்ணை."

"நாலு வருசம்." அவர் அதைத் தனக்குள் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. பிறகு கேட்டார். "கொலோனிலயிருந்து இங்க பஸ் வாறேல்லையோ தம்பி?"

அவர் வளையத்திலிருந்து ஒரு கையை எடுத்து உங்கள் தலையில் வைத்தார்.

"காரை வித்த அண்டைக்கே அதை நான் மறந்திட்டன். நீ போய்ச் சேர்ந்திட்டாய் எண்டு கடிதம் வாற வரைக்கும்தான் நித்திரை இல்லை. அதுக்குப் பிறகு எனக்கென்ன குறை. உன்னைப் பார்க்க வேணும் போல இருக்கும், அவ்வளவுதான்."

நீங்கள் அவர் மடியில் முகத்தைப் புதைத்தீர்கள். உங்கள் முதுகு குலுங்கியது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வீதியைக் கடந்து சாரதியின் அருகில் போய் நின்றேன். அவர் ஒரு சிகரெட் முடித்து இன்னொன்று பற்றவைத்தார். போக வேண்டும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பம்ப் கிடைக்க வாரக்கணக்காகும் என்று அந்தப் பிரெஞ்சுக்காரர் சொல்லிவிட்டார். ஒப்பந்தப்படி காரை ஒரு லொறி கொலோனுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது வாங்கி உள்ளே விட்டது நான்தான். நீங்கள் பாரிஸ் பஸ்ஸில் இருந்தீர்கள். அந்தக் கோடையும் இலையுதிர்காலமும் உங்கள் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்த பஸ்ஸில்தான் கழிந்தன. அங்கே என்ன செய்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்டும் இல்லை. பக்கத்தில இருப்பன். டீவி பார்ப்பம்" என்றீர்கள். மார்கழியில் அவர் போனபோது அவருடைய கை உங்கள் கையில் இருந்ததாக அக்கா சொன்னா.

காரை நீங்கள் விற்கவும் இல்லை, அதிகம் ஓட்டவும் இல்லை. எங்கள் பிள்ளைகளின் கலியாணங்களுக்குக் கேட்டால் கொடுத்தீர்கள். போன வருடம் நீங்களும் ஒருவருக்கும் சொல்லாமல், வேலைக்கு வெளிக்கிட்ட காலையில், மாரடைப்பில் போய்விட்டீர்கள். கார் இப்போது பெறாமகனிடம் இருக்கிறது. அக்காவின் பெயரில் இருக்கும் அதன் காப்புறுதியை இந்த வருடமும் நான்தான் புதுப்பித்துக் கொடுத்தேன்.

டென்மார்க்கில் எனக்கு ஒரு அக்கா இருப்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து வருடமாக நான் போகாமலே இருந்தேன். பெரிய வீடு எடுத்த பிறகு, பிள்ளைகளுக்கு லீவு விட்ட பிறகு, அவவுக்கு ஒரு நல்ல சங்கிலி வாங்கிய பிறகு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் ரயில் ஏறினேன். பையில் ஒரு மாற்று உடுப்பைத் தவிர ஒன்றும் இல்லை. அக்கா கதவைத் திறந்ததும் பயந்துபோனா. ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டா.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அக்கா. சும்மா வந்தனான்."

கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றா. அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டேன், அண்ணை. இப்போது அவ காரணம் கேட்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய், உலையில் இன்னொரு கைப்பிடி அரிசி போடுகிறா.