என் கோரிக்கையை நிராகரிக்கக் கோரி

அனுப்புநர்:
பொருளாளர்,
சக்கர நாற்காலி இரவல் நிலையம்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, கீழ்த்தளம்.

பெறுநர்:
மானியப் பிரிவு அலுவலர் அவர்கள்,
இணையவழி விண்ணப்பப் பிரிவு,
சமூக நலத்துறை.

பொருள்: மானிய இணையதளத்தில் எங்கள் நிலையத்தின் இரு பயனர் கணக்குகளுக்கும் பங்கை மாற்றித் தருமாறு நான் அனுப்பிய கோரிக்கை – அதனை நிராகரித்து, முடங்கியுள்ள கணக்குகளைத் திறந்துவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் இணையம் வழியே நான் அனுப்பிய கோரிக்கை, அதற்கான மூன்று நினைவூட்டல்கள் (மூன்றும் என்னுடையவையே).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி கோரிக்கையைத் தாங்கள் கண்டுகொள்ளவே இல்லை என்று நினைவூட்டல்களில் சற்றுக் காரமாகவே எழுதியிருந்தேன். இப்போது அது தங்கள் பரிசீலனைக்கு வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துள்ளது. கவனித்தமைக்கு நன்றி. தயவுசெய்து அதை நிராகரித்துவிடுங்கள். எதற்காக இந்தத் தலைகீழ் வேண்டுகோள் என்று விளக்கவே இம்மனு. தங்கள் மேசையில் வேலை மலையாகக் குவிந்திருக்கும் என்பதை அறிவேன். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், நீண்டுவிட்டால் பொறுத்தருளவும்.

2. எங்கள் நிலையம் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், நோயாளிக் கட்டில் ஆகியவற்றைத் தேவைப்படுவோருக்கு இலவசமாக இரவல் கொடுக்கிறது. தலைவி என் நாத்தனார். என் கணவரின் அக்கா. அவர் வீட்டின் முன் அறைதான் நிலையம். பொருளாளர் நான். பழுது பார்ப்பவர் என் கணவர். எங்களிடம் உள்ள நாற்காலிகளில் பாதி ஓடுகின்றன; மீதி டயர் போய், கைப்பிடி கழன்று, சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. சென்ற வாரம் ஒரு தையல்காரர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாற்காலி ஒன்றுகூட மிச்சமில்லை என்று சொன்னோம். தூக்கிக்கொண்டே திரும்பிப் போனார். அவர் தெரு முனை தாண்டும் வரை என் கணவர் வேலையில் கை வைக்கவில்லை. புது நாற்காலிகளுக்காகவும் வாசலில் ஒரு சாய்தளத்துக்காகவுமே தங்கள் துறையின் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். கடைசி நாள் இம்மாத இறுதி.

3. தங்கள் இணையதளத்தில் ஓர் அமைப்புக்கு இரண்டு கணக்குகள் கட்டாயம். ஒருவர் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மற்றவர் சரிபார்த்து ஒப்புதல் அளித்தால்தான் அது தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். பதிவு செய்த அன்று கணினி மையத்தில் இரண்டு பெயர்களை எழுதித் தரச் சொன்னார்கள். வயதில் மூத்தவர், தலைவி வேறு. எனவே நாத்தனாரின் பெயரை மேலேயும் என் பெயரைக் கீழேயும் எழுதிக் கொடுத்தேன். மேலே இருப்பவர் விண்ணப்பதாரர், கீழே இருப்பவர் ஒப்புதல் அளிப்பவர் என்று பதிவாகிவிட்டது. மரியாதை கொடுக்கப் போய், அவர் எழுதுவதையெல்லாம் நான் சரி பார்க்கும்படி ஆகிவிட்டது. "தம்பி பொண்டாட்டி சரின்னு சொன்னாத்தான் நான் எழுதினது போகுமாமா? நல்லாயிருக்கே கதை!" என்று அவர் என் கணவரிடம் கொதித்தார். என்னிடம் சொல்லவில்லை. காரணம், அப்போது நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. அன்றே பங்கை மாற்றித் தரும்படி தங்களுக்குக் கோரிக்கை அனுப்பினேன்.

4. பேசிக்கொள்ளாததற்குக் காரணம் குடும்ப விஷயம். அலுவலகக் கோப்பில் அதற்கு இடமில்லை என்று தெரியும். ஆனால் கணக்குகளின் சிக்கல் அதில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் கணவர் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தார். காலை எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னபோது நான் கீழ்த்தளத்து மருந்துக் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். நாத்தனார் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மருந்துப் பையோடு மேலே ஏறி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. அவர் எடுத்த முடிவு சரி. என் கணவர் இன்று உயிரோடு இருப்பது அந்தக் கையெழுத்தால்தான். ஆயினும் ஒரு மாடி இறங்கி வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது எனக்கு ஆறவே இல்லை. என் நாத்தனாருக்கு யாரையும் கேட்டுச் செய்யும் வழக்கம் கிடையாது, முரட்டுச் சுபாவம். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். அன்றிலிருந்து அவர் சொல்வதை என்னிடமும் நான் சொல்வதை அவரிடமும் கொண்டு சேர்த்தது என் கணவர்தான். "கால் போச்சு, சரி. இப்ப ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரன் வேலையும் நான்தான் பாக்கணுமா?" என்று அவர் அலுத்துக்கொள்வது வழக்கம்.

5. என் கோரிக்கைக்குப் பதில் வரவில்லை. கடைசி நாளோ நெருங்கியது. வேறு வழியின்றி நாத்தனார் ஒற்றை விரலால் தட்டித் தட்டி விண்ணப்பத்தை நிரப்பி எனக்கு அனுப்பினார். ஒரு விவரம் விடுபட்டிருந்தது, திருப்பி அனுப்பினேன். காரணம் எழுதாமல் திருப்பி அனுப்பத் தங்கள் இணையதளம் விடுவதில்லை. விளக்கம் எழுதாமல் அவர் மறுபடி அனுப்பவும் விடுவதில்லை. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் யாரோ, அவருக்கு என் தனிப்பட்ட நன்றியைச் சேர்ப்பிக்கவும். "நாற்காலிகளின் எண்ணிக்கை இல்லை" என்று எழுதினேன். "வீட்டுல இருக்கறதா, வெளிய போயிருக்கறதா? தெளிவா கேளு" என்று பதில் வந்தது. எத்தனையோ காலத்துக்குப் பின் அவர் நேராக என்னிடம் சொன்ன முதல் சொல் அது. அதுவும் அதட்டல்தான். ஆனாலும் அன்று சமைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அடுத்த முறை திருப்பி அனுப்பியதற்குப் பெரிய காரணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது.

6. 'நிலையம் தொடங்கியதன் நோக்கம்' என்ற கட்டத்தில் அவர் 'உதவி' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். "இது போதாது. ஏன் தொடங்கினோம் என்று எழுதவும்" எனக் குறிப்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. பிறகு வந்தது. தம்பியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று ஒரு சக்கர நாற்காலிக்காகத் தெருத் தெருவாக அலைந்தது, கிடைக்காமல் அலுவலக நாற்காலி ஒன்றில் உட்கார வைத்துத் தள்ளியது, அது ஒவ்வொரு வாசற்படியிலும் முட்டிக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே விளக்கக் கட்டத்தில் இவ்வாறு இருந்தது: "அன்னைக்கு கீழ வந்து உன்னக் கேட்டிருக்கணும். டாக்டர் அவசரப்படுத்தினாரு. நானும் பயந்துட்டேன். நீ அழுதா என்னால கையெழுத்துப் போட முடியாதுன்னு". அதோடு நின்றுவிட்டது. தங்கள் கட்டத்தில் அதற்கு மேல் எழுத்து நுழையாது. அதைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் அழுதேன்.

7. ஒப்புதல் பொத்தானை அழுத்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால் கணக்கு முடங்கியிருந்தது. நாத்தனாரின் கணக்கும் அப்படியே. நான் முன்பு அனுப்பிய பங்கு மாற்றக் கோரிக்கை அன்று காலைதான் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாம். உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். தாங்கள் ஒப்புதல் அளித்தால் பங்குகள் மாறும்; பழைய விண்ணப்பதாரர் எழுதிய வரைவு முழுவதும் அழிந்துவிடும். தாங்கள் நிராகரித்தால் எல்லாம் இருந்தபடியே திறக்கும். அனுப்பிய கோரிக்கையை நானே திரும்பப் பெறுவதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. மறுநாள் காலை நாத்தனார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எழுத முடியல, பூட்டிக்கிச்சு. அதான் நேர்ல வந்தேன்" என்றார். உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேலை போன தபால்காரர் போல எழுந்து வெளியே போய்விட்டார்.

8. புதிதாக நிரப்பினால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். எண்ணிக்கைகளை மறுபடி நிரப்பிவிடலாம். ஆறாவது பத்தியில் சொன்னதை அவரால் இன்னொரு தடவை எழுத முடியாது. எழுதச் சொல்ல எனக்கும் மனம் வராது. பங்கை மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேட்டேன். "வேணாம், இப்படியே இருக்கட்டும். கேட்டுச் செய்யறது எனக்கும் கொஞ்சம் பழகட்டும்" என்றார். எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) என் கோரிக்கையைக் கடைசி நாளுக்கு முன்பாக நிராகரித்து உதவ வேண்டும். காரணம் எழுதச் சொல்லித் தங்களையும் இணையதளம் கேட்கும் என்று நினைக்கிறேன். 'தேவை தீர்ந்தது' என்று எழுதலாம்.

ஆ) கணக்குகள் திறந்த அன்றே விண்ணப்பம் தங்களிடம் வந்து சேரும். தகுதி இருந்தால் மானியம் வழங்க வேண்டும். தையல்காரரிடம் விலாசம் வாங்கி வைத்திருக்கிறோம்.

இ) விளக்கக் கட்டத்தின் அளவைச் சற்றுக் கூட்டித் தர இயலுமா எனப் பார்க்க வேண்டும். இப்போதைய அளவு சண்டை போடப் போதும், சமாதானத்துக்குப் போதவில்லை.

இதுவரை தங்களிடம் வந்த மனுக்களில் 'நிராகரிக்கவும்' என்று கெஞ்சிய மனு இது ஒன்றாகத்தான் இருக்கும். நல்ல பதில் வரும் என்று முழுதாக நம்புகிறேன்.

தங்கள் நிராகரிப்பை ஆவலுடன் எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பொருளாளர் / ஒப்புதல் அளிப்பவர்

இடம்: நிலையத்தின் முன் அறை
நாள்: இம்மாதம் 21

தட்டச்சு செய்தவர்: தலைவி / விண்ணப்பதாரர்

தட்டச்சு செய்தவரின் குறிப்பு: அவ சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். நாலாவது பத்தியில 'முரட்டுச் சுபாவம்'னு இருக்கறத எடுத்துடலாமான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டா. அப்படியே விட்டுட்டேன்.