மஞ்சள் துணி கட்டிய சேவல்

அக்கா,

இந்த அகால நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். எத்தனை முறை சோப்புப் போட்டும் கோழிக்கூட்டில் ஊற்றிய கிருமிநாசினி நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. படுக்கவும் பிடிக்கவில்லை. சரி, உங்களோடு சண்டையாவது போடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கோழிகள் எல்லாம் போய்விட்டன அக்கா. சேவல் மட்டும்தான் மிச்சம்.

உங்கள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் சிலிபினில் நம் பக்கத்திலிருந்த உங்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். “கோழிய நீங்களே வச்சுக்குங்கக்கா, அம்மா அப்படித்தான் சொல்லும்” என்றான். வேலியைத் தாண்டி வந்தது அந்தச் சொத்து. “கோழிக்கு என்னாடி, போட்டதத் தின்னும், இருட்டுனா அடையும்” என்பீர்களே, சுத்தப் பொய். அவை தும்மும், பச்சையாகக் கழியும், இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்க்கும். இதையெல்லாம் ஒரு வார்த்தை சொன்னீர்களா?

என் வீட்டுக்காரர் வேறு, பசாரிலிருந்து இரண்டு பெட்டைகளை வாங்கி வந்து நேரே கூட்டுக்குள் விட்டார். “தொணையா இருக்கும்லா” என்றார். துணைக்கு வந்தவைதான் முதலில் சுருண்டன. மற்றவையும் பின்னாலேயே போயின. கால்நடை அலுவலகத்தில் கேட்டதற்கு, நோய் வந்த பிறகு மருந்தில்லை, முன்பே தடுப்பு மருந்து போட்டிருக்க வேண்டும் என்றார்கள். நீங்கள்தான் “நம்ம கோழிக்கு எதுக்குடி அதெல்லாம்” என்று கையை வீசிவிடுவீர்களே.

பிழைத்த சேவலுக்குக் கழுத்து கோணிவிட்டது. தலை தோளில் சாய்ந்தே கிடக்கிறது. கொத்தப் போனால் தீனி ஒரு பக்கம், அலகு ஒரு பக்கம். பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பீச்சியில் கஞ்சியை எடுத்து நான்தான் ஊட்டுகிறேன். பிள்ளையைக் கிட்டே விடாமல் தடுத்தால், இவள் தூர நின்றபடி தன் தலையையும் சாய்த்துக்கொண்டு அதனிடம் பேசுகிறாள்.

அதன் காலில் நீங்கள் கட்டிய மஞ்சள் துணி இன்னும் இருக்கிறது. அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இவள் பிறந்து, மஞ்சள்காமாலையோடு ஆஸ்பத்திரி விளக்கின் கீழ்க் கிடந்தபோது என்னைக் கேட்காமலே வேண்டிக்கொண்டீர்கள். பத்து காஜா ஊர்ப் பக்கம் நீங்கள் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் என்று. “எதுக்குக்கா இதெல்லாம்?” என்றேன். “நீ படிச்சவ, நீ படி. நான் வேண்டிக்கிறேன்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எப்போது கொடுப்பது என்று கேட்டபோது, “அவ சொந்தக் கால்ல நடந்து கோயிலுக்கு வரட்டும்” என்றீர்கள்.

இப்போது நடப்பதென்ன, ஓடுகிறாள். நீங்கள்தான் இல்லை.

அந்த முனியாண்டி கோயில் பூசாரிக்குப் போன் போட்டேன்.

“கழுத்து கோணுனதா? கொற உள்ளத சாமி ஏத்துக்காதும்மா.”

“வேற சேவல் வாங்கிக் கொடுக்கலாமா ஐயா?”

“வேண்டுனவங்க எப்படிச் சொல்லி வேண்டுனாங்களோ அப்படித்தான். அவங்களயே கேளு.”

“அவங்க தவறிட்டாங்க ஐயா.”

“அப்ப கனவுல கேளும்மா” என்று வைத்துவிட்டார்.

“பசார்ல ஒன்னு வாங்கிரலாம், விடுலா” என்கிறார் இவர். எனக்கு விட முடியவில்லை. நம்பாதவள்தான் நான். ஆனால் நேற்று இவள் ஒரு முறை இருமினாள், உடனே என் கண் அந்தத் துணிக்குத்தான் போனது. நீங்கள் போனபின் என்னிடம் தங்கியது உங்கள் கோழிகள் இல்லை, இந்தப் பயம்தான். என் பிள்ளைக்காக என்னைவிட அதிகம் பயந்தவர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தார் என்பதும்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ‘இந்தச் சேவல்’ என்று வேண்டினீர்களா, ‘ஒரு சேவல்’ என்றா? ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா. கனவிலோ எப்படியோ, அதற்குள் பதில் சொல்லிவிடுங்கள் அக்கா.