வாய் சொன்ன 'காலி'

லெஹ்தோவாரா,
அக்டோபர் 27, ஞாயிறு காலை

அன்பு மகன் அந்தெரோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் ரீக்காவும் நாய் ஹல்லியும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே கனடாக் குளிரில் நீயும் உன் பத்து விரலும் பத்திரமாக, வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். செவ்வாய்க்கிழமை இந்த வருஷத்து முதல் பனி விழுந்தது, மறுநாளே கரைந்துவிட்டது, ஏரி இன்னும் உறையவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, அதை வைத்துக்கொண்டே காட்டுக்குப் போய் இரண்டு வாளி சிவப்புப் பழம் பறித்து வந்துவிட்டாள், சொன்னால் கேட்கிற ஆளா அவள். சௌனாக் குளியலறை அடுப்புக்குப் புதுப் புகைக்குழாய் வைத்தேன், இப்போது கண் எரிச்சல் இல்லை.

உன் கடிதம் வந்தது. முகாமில் கரடிக்குப் பயந்து துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள், தோட்டா போட்டபடியே நாள் முழுக்கச் சுமக்க வேண்டியிருக்கிறது, துப்பாக்கியே தொட்டறியாத நான்கு பேருக்கு நீதான் சொல்லித்தர வேண்டும், என்ன சொல்லட்டும் என்று கேட்டிருந்தாய். முப்பத்தெட்டு வருஷம் மூஸ் மான் வேட்டைக்குப் போன அப்பாவை விட்டால் வேறு யாரைக் கேட்பது என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நீ கேட்க வேண்டிய ஆள் நானில்லை, உன் தங்கை ரீக்கா. ஏன் என்பதை ஊர்வாயிலிருந்து நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ரீக்காவை இந்தக் கோடையில் வேட்டைக் குழுவுக்குத் தலைவியாக்கியது உனக்குத் தெரியும். ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற பெண் சொல்வதை, அவளைத் தொட்டிலில் பார்த்த கிழவர்கள் கேட்டு நடக்க வேண்டும் என்றால் சும்மாவா. நம் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அவரவர் இடத்துக்குப் போய்ச் சேரும் வரை துப்பாக்கியில் தோட்டா கிடையாது, தலைவர் வாக்கிடாக்கியில் சொன்ன பிறகு போடுவோம், முடிந்தது என்று சொன்னதும் எடுத்துவிட்டு ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லிக் 'காலி' என்போம். இவள் அதோடு விடவில்லை. எல்லோரும் கூடிக் காப்பி போடுகிற நெருப்படிக்கு வந்ததும் துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து பக்கத்து ஆளிடம் காட்ட வேண்டும், அவர் கண்ணால் பார்த்தால் போதாது, தோட்டா ஏறுகிற அறைக்குள் விரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்பி என்று சட்டம் போட்டாள். உன் கவுக்கோ மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா, "ஏம்மா, பல்லையும் தொறந்து காட்டணுமா?" என்று கேட்டார். "பல்லு வெடிக்காது மாமா. வெடிக்கிற அன்னிக்குத் தொறந்து காட்டுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான், ஆனாலும் இவள் பிறப்பதற்கு முன்பிருந்தே துப்பாக்கி தூக்குகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் நினைத்துக்கொண்டேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை சதுப்பு நில ஓரத்து மேடை என்னுடையது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், ஹல்லியின் குரைப்பு தூரத்தில் கேட்டதோடு சரி, ஒரு மூஸும் வரவில்லை. கால் மரத்துப்போய்விட்டது. வேட்டை முடிந்தது என்று ரீக்கா சொன்னதும் துப்பாக்கியிலிருந்து தோட்டாப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வாக்கிடாக்கியில் "ரெய்யோ, காலி" என்றேன். போல்ட்டை இழுக்கவே இல்லை. அறைக்குள் ஏற்கெனவே ஏறியிருந்த தோட்டா அங்கேயே இருந்தது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், கை வேலையை முடிக்கும் வரை காத்திருக்கவில்லை. நெருப்படியில் என் முறை வந்தது. வேடிக்கை பேசிக்கொண்டே கவுக்கோ முன்னால் போல்ட்டை இழுத்தேன், பளபளவென்று ஒரு தோட்டா துள்ளிப் பாசிமேல் விழுந்தது. கவுக்கோ சட்டென்று அதன்மேல் பூட்ஸ் காலை வைத்து, "காலிதான், காலிதான்" என்றார். என்ன இருந்தாலும் மச்சான் அல்லவா. ரீக்கா காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "மாமா, காலத் தூக்குங்க" என்றாள். அவர் தூக்கினார். "அப்பா, துப்பாக்கிய உறைல போடுங்க. இந்த சீசன் முடியற வரைக்கும் நீங்க சுட வேணாம். மாமா, மறைச்சதுக்கு நீங்களும் ரெண்டு வாரம் வீட்ல இருங்க." கவுக்கோ கெஞ்சினார், "ஒண்ணும் ஆகலயேம்மா, பெத்த அப்பன்மா அவன்" என்று. இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "ஒண்ணும் ஆகாததால வீட்டுக்கு அனுப்புறேன் மாமா. ஆயிருந்தா வீட்டுக்கா அனுப்பியிருப்பேன்?"

மறைப்பானேன், எனக்கு அன்று கோபம் தலைக்கேறிவிட்டது. குழுவை விட்டே விலகுகிறேன் என்று கடிதம்கூட எழுதி வைத்தேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. உன் அம்மாதான், "வாயால காலி பண்ணுனீங்க, கையால பண்ணல. தப்பும் பண்ணிட்டு மூஞ்சியும் தூக்கி வெச்சிக்கிட்டா எப்படி? ரெண்டுல ஒண்ணு பண்ணுங்க" என்றாள். நான் எழுதிய காகிதத்தை எடுத்து அடுப்பு பற்றவைத்தாள்.

ஆகவே மகனே, நான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே, ரீக்கா செய்வதைச் சொல்கிறேன். பெட்டியைக் கழற்றினால் வேலை முடிந்ததாக நினைக்காதே, அறையைத் திற, பார், தடவு, அப்புறம் பேசு. துப்பாக்கி காலி என்று தெரிந்தாலும் அதன் வாய் மனிதர் பக்கம் திரும்பக் கூடாது. சுடப்போகிற நொடி வரை விரல் விசைக்கு வெளியில்தான். லாக் போட்டிருக்கிறேன் என்று தைரியமாக இருக்காதே, அதுவும் மனுஷன் செய்த இரும்புதான். வண்டியில் ஏறும்போதும் கூடாரத்துக்குள் நுழையும்போதும் தோட்டாவை எடுத்துவிடு. வழுக்கி விழுந்தால் முதலில் தோட்டாவை எடு, பிறகு குழலுக்குள் பனி அடைத்திருக்கிறதா என்று பார். அந்த நான்கு பேருக்குச் சொல்லித்தரும்போது உன்னுடையதைத்தான் முதலில் திறந்து அவர்களிடம் காட்டு. ரீக்கா அப்படித்தான் செய்கிறாள், தலைவி தன்னுடையதைக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் முறை.

நேற்றும் வேட்டைக்குப் போனேன், துப்பாக்கி இல்லாமல், சூப் கிண்டுகிற வேலைக்கு. சும்மா நின்றபோதுதான் அவள் வேலை செய்கிற அழகை முழுதாகப் பார்த்தேன். எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள் என்பது அத்தனையும் அவள் தலைக்குள் இருக்கிறது, யாரையும் விரட்டுவதில்லை, ஒருவரையும் மறப்பதுமில்லை. எனக்கு இப்படி ஒரு பெண்ணா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்து, கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். அன்று மேடையிலிருந்து நெருப்படிக்கு வரும்போது சதுப்பு நிலத்துப் பலகைப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் வந்தோம். தோள்வார் நழுவுகிறதென்று துப்பாக்கியைக் கையில், வாய் முன்பக்கம் பார்த்தபடி பிடித்திருந்தேன். அந்த அரைக் கிலோமீட்டரும் எனக்கு நேர் முன்னால் நடந்தது ரீக்கா.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது, இது உனக்கு அன்றே தெரியுமா என்று அவளிடம் கேட்டேன். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தோட்டா கீழ விழுந்தப்பவே தெரியும்பா. அத அங்க சொல்லியிருந்தா மாமா ஒரு வார்த்த பேசியிருக்க மாட்டாரு. ஆனா நீங்க அப்புறம் தூங்கியிருப்பீங்களா?" என்றாள். துண்டை வாங்கிப் பாத்திரத்தைத் துடைத்தேன். என் உயிருள்ளவரை என் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட எனக்கு இது ஒன்று போதும்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் காக்கட்டும், போட்ட காலுறை இரண்டும் காய்ந்தே இருக்கட்டும். அம்மா பின்னிய கையுறை பார்சலில் வருகிறது, அளவு சரியா என்று எழுது. ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே உனக்குப் பின்னால் துப்பாக்கியோடு யார் நடந்தாலும், அதை நீயே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு நட. வருவது உன் அப்பாவாக இருந்தாலும் சரி.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா
ரெய்யோ