உன் படத்தின் மேல் எழுதியவர்கள்

இன்று காலை உலை வைக்கும் நேரத்தில் கைபேசியில் உன் படம் மறுபடியும் வந்தது. மார்பில் வந்த கட்டி உன்னைக் கொண்டுபோய் ஒன்றரை வருஷமாகிறது. படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

கோவில்பட்டி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நீ வேலை பார்த்தாய். பஸ் ஏற முடியாத முதியவர்களுக்காக விளாத்திகுளம் சாலையோரக் கிராமங்களுக்கு ஸ்கூட்டரில் போய், வீட்டிலேயே ரத்தம் எடுத்து வருவாய். சாயங்காலம் என் வாசலில் நின்று பர்தாவின் கரிசல் புழுதியை உதறுவாய். "ஏட்டி, பாதி விளாத்திகுளத்த இங்கன கொண்டாந்துட்டேன்" என்பாய்.

அப்படி ஒருநாள், கயிற்றுக் கட்டிலில் இருந்த ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரின் கையை நீ பிடித்திருந்தபோது யாரோ எடுத்த படம் அது. உன் முகத்தை மறைத்து, ஊசி தெரியாதபடி வெட்டியிருந்தார்கள். நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில், "பர்தா உடம்புக்கு மட்டுந்தானா? அந்நிய ஆணைத் தொடும் கைக்கு இல்லையா?" என்ற எழுத்தோடு வந்தது. கூடப் படித்தவர்கள் குழுவில் அதே படத்துக்கு வேறு எழுத்து: "நடமாடும் கூடாரம், உள்ளே ஒரு அடிமை." இரண்டு பக்கத்தாருக்கும் நீ யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

எனக்கும்தான் இருக்கவில்லை. ஜமாஅத் குழுவில் அதன்கீழ், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்ற பொருளில், "அஸ்தஃபிருல்லாஹ்" என்று எழுதினேன். பிறகுதான் கட்டிலோரம் இருந்த நீலப் பெட்டி கண்ணில் பட்டது. நீ ரத்தக் குப்பிகள் கொண்டுவரும் பெட்டி. உடனே அழித்தேன்.

மறுநாள் வந்து டீ குடித்தாய். தம்ளரைப் பார்த்தபடி சொன்னாய்: "அழிச்சாலும், அழிக்கப்பட்டதுன்னு உன் பேரு போட்டு அங்கனயேதான் கிடக்கு, ஏட்டி." அதற்குமேல் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

"பேச்சு அடங்கட்டும்" என்று, படத்தில் பெட்டியை அடையாளம் கண்ட நிலையத்து முதலாளி உன்னை உள்ளேயே உட்கார வைத்தார். அந்தப் பெரியவர் தட்டுத்தடுமாறி பஸ் பிடித்து உன்னைத் தேடி வந்தார். அவரிடம் படத்தைக் காட்டினாய். வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல என் சீனி எம்புட்டுன்னு போட்டிருக்காவளா, தாயி?" என்று கேட்டாராம். என்னிடம் அதைச் சொல்லிச் சிரித்தாய். சிரித்து முடித்ததும், "மாமா வீட்டுக்குப் போவோம், வா" என்றாய்.

ஜமாஅத் குழுவில் அதைப் போட்டவர் உன் சொந்தத் தாய்மாமா. முகம் மறைத்திருந்ததால் அவருக்கும் உன்னைத் தெரியவில்லை. படத்தில் இருந்த நீலப் பெட்டியை அவர் முன்னால் வைத்தாய். அவர் முகம் மாறியது.

"மாமா, குர்ஆன்ல பர்தாவப் பத்தி வருத அந்த சூராவுல மொத ஆம்பளையளத்தான் பார்வையத் தாழ்த்தச் சொல்லியிருக்கு. பொம்பளையளுக்கு அடுத்த வசனம். நீங்க ஏன் ரெண்டாவதுலருந்தே தொடங்குதீங்க?"

"நான் எங்கம்மா எழுதினேன்? வந்தத அனுப்புனேன்."

"யாரு, என்னன்னு பாக்காமத்தான அனுப்புனீங்க."

நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அதன்கீழ் எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

மாமா படத்தை அழித்தார். அதற்குள் அது எங்கெங்கோ போயிருந்தது. அடுத்த வாரம் நீயே முதலாளியிடம் பேசி மறுபடி ஸ்கூட்டரை எடுத்தாய். நோய் படுக்கவைக்கும்வரை நிறுத்தவில்லை.

இன்று ஜமாஅத் குழுவில் வந்ததில் எழுத்து மட்டும் புதிது. "இந்தப் பெண் என் தோழி. நோயாளிக்கு ரத்தம் எடுக்கிறாள். இப்போது உயிரோடு இல்லை" என்று அதன்கீழ் எழுதினேன். ஒருவர், இறந்தவருக்குச் சொல்லும் "இன்னாலில்லாஹி" போட்டார். அடுத்த நிமிஷமே இன்னொருவர் வேறொரு பெண்ணின் படத்தை அனுப்பினார். எத்தனை பேருக்கு, எத்தனை தடவை எழுதுவது? அலுப்பாக இருந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தையும் மறைத்திருந்தார்கள். யாரோ, எந்த வேலையில் இருந்தாளோ, எனக்குத் தெரியாது. கீழே ஏற்கெனவே நாலைந்து பேர் எழுதிவிட்டார்கள். பழக்கத்தில் என் விரலும் எழுதப் போனது. யாரென்று தெரியாமல் எழுதக் கூடாதென்று விரலை எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான். அதுவும் நீ இருந்தபோது நான் கற்றுக்கொள்ளாதது.