மீசை எடுத்த காரணம்

தாராவி,
6-11-1949

அன்புள்ள பூமாரிக்கு,

நான் இங்கே நல்ல சுகத்துடன் இருக்கிறேன். நீயும் உன் தம்பி அய்யாத்துரையும் வள்ளியூரில் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் நேற்று வந்தது. முழுத் தாளில் இரண்டே வரி எழுதியிருக்கிறாய். ‘மீசையை எடுத்துவிட்டீர்களாமே. எனக்குத் தெரியாமல் யார் செத்தது?’ யாரும் சாகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடு. எனக்குத்தான் தாயும் தகப்பனும் போய் வெகு காலமாயிற்றே.

உனக்கு எழுதியது எதிர்வீட்டு மாடக்கண்ணுதான் என்று தெரியும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் முடித்து நான் வருவதைப் பார்த்தவன், உள்ளே போய்த் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். “அண்ணாச்சி, யாரு? தந்தி எப்பம் வந்திச்சு?” என்று மெல்லக் கேட்டான். நான் விளக்கிச் சொல்வதற்குள், துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதென்று அவன் மனைவி இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பசி நேரம். சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். நான்காவது இட்லியில் இருந்தேன், பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இனி உண்மையைச் சொல்கிறேன். பென்ஷன் தாள்களுக்காகக் காத்திருப்பதாக உனக்கு எழுதிவந்தேன் அல்லவா? அவை ஆவணியிலேயே வந்துவிட்டன. மறைத்தது என் தப்பு. நான் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன்.

மாட்டுங்காவில் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய பள்ளி இருக்கிறது. நடத்துகிறவர் லீலாபாய் என்ற மராத்திப் பெண்மணி. நம் பெரிய மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். அங்கே தாராவியிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழக்குகிறார்கள். பள்ளியில் பார்க்கும் உதடு மராத்தி பேசுகிறது. வீட்டில் தாயின் உதடு தமிழ் பேசுகிறது. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? தமிழ் தெரிந்த ஓர் உதவியாள் வேண்டும் என்று நம் பழைய பள்ளியில் வந்து கேட்டிருக்கிறார். அவர்கள் என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஒரு வாரம் போய்ப் பார்ப்போம் என்றுதான் போனேன்.

முப்பத்திரண்டு வருஷம் வாத்தியாராக இருந்தவன், முதல் வாரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. உதாரணம் சொல்கிறேன். என் குரல் உனக்குத் தெரியும். நான் வாய்ப்பாடு சொன்னால் மூன்றாவது சந்தில் தோல் காயப்போடுகிறவனும் கூடச் சொல்வான். அந்தக் குரலுக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொன்று, பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது என் பழக்கம். பூனையைப் படமாக எழுதி, அதைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டுத் திரும்பினால், நால்வரும் தங்களுக்குள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் முதுகில் உதடு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நால்வரில் சைனப் என்று ஏழு வயதுப் பெண். தகப்பன் அபுதாஹிர் தோல்பட்டறை வைத்திருப்பவர், நம் மேலப்பாளையத்துக்காரர். அந்தக் குழந்தை என்னைப் பார்க்கும்போதெல்லாம் மேலுதட்டில் விரலை இழுத்து இழுத்துக் காட்டும். எனக்கு ஒரே பெருமை. அய்யாத்துரை கைப்பேச்சில் என்னைக் குறிப்பிடும்போது மீசை முறுக்கிக் காட்டுவான் இல்லையா? அதுபோல இவளும் எனக்குப் பெயர் வைத்துவிட்டாள் என்று நினைத்து, நானும் முறுக்கிக் காட்டிச் சிரித்துவந்தேன். ஐந்தாம் நாள் லீலாபாய் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். அவள் உங்களைக் கூப்பிடவில்லை மாஸ்டர்ஜி, உங்கள் வாயை மூடிக்கொண்டு ஒரு புதர் இருக்கிறது, அதை விலக்கச் சொல்கிறாள் என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். நம் கல்யாணத்துக்கும் மூத்த மீசை. மூன்றாம் நாள் நாவிதர் கத்தியை எடுத்துவிட்டு, நிச்சயமாகத்தானே சொல்கிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். எடுத்தபின் கண்ணாடியில் பார்த்தேன். என் மேலுதடு இத்தனை சிறியது என்று உனக்கே தெரியாது.

மறுநாள் சைனப் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று தொடங்கிய பாடம் நிற்கவில்லை. ‘அம்மா’, ‘அப்பா’ என்று நீயே கண்ணாடி முன் சொல்லிப் பார். உதடு ஒரே மாதிரிதான் அசையும். காது கேட்காத பிள்ளை எப்படிப் பிரித்தறியும்? வாயின் முன் ஒரு காகிதத் துண்டைப் பிடித்தால், ‘ப’ சொல்லும்போது அது ஆடும். ‘ம’வுக்கு ஆடாது. ஆனால் மூக்கின்மேல் விரலை வைத்தால் அதிர்வது தெரியும். இப்படி இரண்டு வாரம் பாடுபட்டு சைனபை ‘அப்பா’ என்று சொல்ல வைத்தேன். மாலையில் அபுதாஹிர் அழைத்துப்போக வந்ததும் அவரிடமே சொல்ல வைத்தேன். அவர் மகள் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு, “சார்வாள், எங்க வீட்டுல வாப்பான்னுல்லா சொல்லுவோம்” என்றார்.

பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதையே நானும் எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் யார் உதட்டிலும் இல்லாத வார்த்தையைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாகப் போயிற்று. மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். போன புதன்கிழமை அவள் ‘வாப்பா’ சொன்னாள். கரகரப்பாக, பாதிக் காற்றாக வந்தது. இன்னொரு தடவை சொல்ல வையுங்கள் என்று அவர் கெஞ்சினார். அவள் பைக்குள் மீதி வேர்க்கடலையைத் தேடப் போய்விட்டாள். படிப்பை நிறுத்திப் பட்டறையில் பசை தடவ உட்கார வைக்கலாம் என்றிருந்தவர், இப்போது தினமும் தாமே கொண்டுவந்து விடுகிறார். எனக்கு இந்த வேலை வரும் பூமாரி. சந்தேகமில்லாமல் எழுதுகிறேன்.

இனித்தான் கஷ்டமான பகுதி. ஆனியில் உன் அம்மா தவறியதும், அய்யாத்துரையைத் தனியே விட முடியாது என்று நீ அங்கே தங்கினாய். பொங்கலுக்குள் இந்த ஒற்றை அறைக் கோலியைக் காலி செய்து வந்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கு அப்படியே இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இருவரும் இங்கே வந்தால் என்ன?

பெரிய பையன்களுக்குப் பள்ளியில் தச்சுக் கொட்டகை உண்டு. அங்கிருந்த ஆசாரி வயதாகி வேலையை விட்டுவிட்டார். வண்டிப்பட்டறையில் அய்யாத்துரை இழைப்புளி பிடிக்கும் அழகை லீலாபாயிடம் சொன்னேன். வரட்டும், ஒரு மாதம் பார்ப்போம் என்றார். கையால் பேசினால் உதடு சோம்பிவிடும் என்பது அவருடைய கட்டளை. வகுப்பில் கை அசைத்தால் கோபிப்பார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முற்றம் முழுக்கக் கைகள் பறக்கும்போது, அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கணக்காக வெளியே பார்த்துக்கொள்வார். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவன் உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

நாம் கல்யாணம் செய்தபோது அவனுக்கு எட்டு வயது. விடுமுறைக்கு வந்த ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவனிடம் என்ன பேசினேன்? காது கேளாதவனிடம் சத்தமாகக் கத்தினேன். அவன் சிரித்தான். புரிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். நீ அவனோடு மணிக்கணக்கில் கையால் பேசுவாய். அதை நான் ஒரு நாளும் கற்றுத்தரச் சொல்லவில்லை.

இதை அவனுக்கு நான் எழுத முடியாது, அவனுக்குப் படிக்கத் தெரியாதே. நீதான் சொல்ல வேண்டும். நல்லதை மட்டும் சொல்லாதே. ஒற்றை அறை என்பதையும், குழாயடி வரிசையையும், ரயில் கூட்டத்தையும், முதல் மாதம் வெறும் சோதனைதான் என்பதையும் சொல். அவன் வரமாட்டேன் என்றால் நான் பொங்கலுக்கு முன் வந்து சேருகிறேன். மனவருத்தம் கொள்ள மாட்டேன்.

அவன் என்ன பதில் சொன்னாலும், அவன் கை காட்டியதை அப்படியே எழுது. உன் விருப்பத்தை அதில் சேர்க்காதே, என்னுடையதையும் சேர்க்காதே. முப்பது வருஷத்தில் அவனிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது. அவன் பதிலாகவே எனக்கு வரட்டும்.

உங்கள் இருவருக்கும் எல்லா நலமும் உண்டாகட்டும்.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் கோமதிநாயகம்